புதன்கிழமைகளில் செல்வி போகும் இடம்

மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த வெள்ளைத்துரைக்கு, கோச்சடையில் தான் கட்டிய வீட்டில் எந்த சுவிட்ச் எதற்கு என்று தெரியவில்லை. வராந்தா விளக்கைப் போடப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டார். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் நனைந்தது. "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள் அவர் மனைவி தமிழ்ச்செல்வி. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு அது வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல் கேட்டது.

உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமம் அவருக்கு. ஏ.சி. மெக்கானிக் வேலை படித்துவிட்டுக் கல்யாணமான மறுவருசமே விமானம் ஏறியவர். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். அந்த மாதமும் கோயில், விசேஷம், துக்கம் விசாரிப்பு என்று ஓடிவிடும். மகள் மீனாவின் படிப்புக்காக மதுரையில் வீடு கட்டினார்கள். அஸ்திவாரம் முதல் கிரகப்பிரவேசம் வரை எல்லாவற்றையும் அவர் போனில்தான் பார்த்தார். மகள் படித்து, கல்யாணமாகி, ஓசூருக்குப் போய்விட்டாள். கம்பெனியில் ஆள் குறைத்தபோது, ஐம்பத்துச் சொச்சம் வயதில், இரண்டு பெட்டியோடு இவர் வந்து இறங்கினார்.

முதல் மாதம் சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். இவர் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், எதையோ கேட்க வந்தவன் கேட்காமல் போகிறான் என்று நினைப்பார். கூடப் படித்த அழகுபாண்டி, "மாப்ள, சும்மா வீட்டுக்குள்ளயே கெடக்காத. என் கடைப் பக்கம் வந்து உக்காரு, பேசிக்கிட்டு இருப்போம்" என்று கூப்பிட்டான். கடையில் கூலியில்லாத ஆள் தேடுகிறான் என்று முடிவுகட்டி, அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை. மெல்ல மெல்ல ஆட்கள் வருவது நின்றது. நின்றதும், ஏன் நின்றது என்று அதையும் சந்தேகப்பட்டார்.

மிச்சமிருந்தது செல்வி ஒருத்திதான்.

அவள் போனைக் கவிழ்த்து வைக்கிறாள் என்பதை முதலில் கவனித்தார். பிறகு புதன்கிழமையைக் கவனித்தார். புதன்கிழமை காலையில் அவள் சீக்கிரமே சமைத்து மூடி வைத்துவிட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு கிளம்பிவிடுகிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வருகிறாள்.

"எங்க போயிட்டு வார?"

"மார்க்கெட்டுக்கு."

"காய் எங்க?"

"எல்லாம் வெலை கூட. வாங்கல."

அடுத்த புதன்கிழமை பையில் கொஞ்சம் கத்தரிக்காய் இருந்தது. அது தெருமுனைத் தள்ளுவண்டியில் வாங்கியது என்று அவருக்குத் தெரியும். காலையில் அந்த வண்டியில் கிடந்த அதே வாடிய கத்தரிக்காய். தான் கேட்டதற்காகவே அவள் அதை வாங்கி வந்திருக்கிறாள். காய் வாங்காமல் வந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. திருப்பிப் பார்த்தார். திரையில் 'பீமாராவ்' என்று இருந்தது. அவர் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அவள் வந்ததும், "யாரு அது பீமாராவு?" என்றார். அவள் தலையில் சுற்றியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டாள்.

"தெரிஞ்ச ஆளு."

"எப்பிடித் தெரிஞ்ச ஆளு?"

"பழக்கம்தான். போன வாரம் நான் போகல, அதான் கூப்புட்டிருப்பாக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்கே போகவில்லை என்று அவள் சொல்லவில்லை. போன வாரம் அவருக்குக் காய்ச்சல்; அவள் வீட்டிலேயே இருந்தாள். ஆக, இவர் காய்ச்சலில் கிடந்ததால் எங்கோ ஒருத்தன் காத்திருந்து ஏமாந்திருக்கிறான்.

எதிர்வீட்டு மலையம்மாள் மாவு ஆட்டி விற்பவள். அவளிடம் பேச்சுக்கொடுத்துப் பார்த்தார். அவளே ஆரம்பித்தாள். "நீங்க வந்துட்டீகள்ல, இனி அக்காவுக்குத் தொணையாச்சு அண்ணே. பாவம், புதன்கெழம புதன்கெழம ஒத்தையிலதான் போயிட்டு வரும்."

"எங்க போகுது?"

மலையம்மாள் கையில் ஒட்டியிருந்த மாவை உரித்துக்கொண்டே, "எனக்கென்னண்ணே தெரியும். அக்காட்டயே கேளுங்க" என்றாள். அவளுக்குத் தெரியும் என்பது அவள் உரித்த விதத்திலேயே தெரிந்தது.

மகளுக்குப் போன் போட்டார். "ஒங்கம்மா புதன்கெழம எங்க போறா?"

"அம்மாவ நோண்டாதீங்கப்பா" என்றாள் மீனா. "நல்லா இருக்காங்க. விடுங்க."

அன்றைக்கு முழுக்க அவர் ஹாலில் சத்தமில்லாமல் ஓடும் டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரிக்குத் தெரிகிறது, பெற்ற மகளுக்குத் தெரிகிறது. தெரியாதவர் இவர் மட்டும்தான். இத்தனை வருசமாக எல்லோரும் சேர்ந்து ஒன்றை இவரிடமிருந்து மறைத்திருக்கிறார்கள்.

அடுத்த புதன்கிழமை அவள் கிளம்பியதும் இவரும் கிளம்பினார்.

தொப்பி வைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் தூரமாக நடந்து, அவள் முன்வாசலில் ஏறிய டவுன் பஸ்ஸில் பின்வாசலில் ஏறினார். பெண்களுக்குக் காசு வாங்காத பஸ். அவள் எங்கே இறங்குவாள் என்பதைக் கண்டக்டரிடம் அவள் சொல்லும் சத்தத்திலிருந்து பிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டர் அவரிடம் வந்து, "எங்கண்ணே?" என்றார்.

"கடைசி ஸ்டாப்பு."

பெரியார் நிலையத்தில் இறங்கி அவள் வேறு பஸ் மாறினாள். இவரும் மாறினார். அரசு ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அவள் இறங்கியதும் இவரும் இறங்கினார். அந்த ஆள் இங்கே படுத்திருக்கிறானா, இல்லை இங்கே வேலை பார்க்கிறானா என்று யோசித்துக்கொண்டே கூட்டத்துக்குள் அவள் சேலையை விடாமல் தொடர்ந்தார். அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, ஏற வேண்டிய படியில் ஏறி, நீளமான ஒரு வராந்தாவுக்குள் போனாள்.

அங்கே பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ தொழிற்சாலையின் நீலச் சட்டை. பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் கொடுத்தான். இடம் போட்டு வைத்திருந்திருக்கிறான். அவன் ஏதோ சொன்னான். செல்வி வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளைத்துரை தூணுக்குப் பின்னால் நின்றார். ஊருக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. மேலே இருந்த பலகையைப் படித்தார். மனநலப் பிரிவு. அப்போதும் அவருக்கு ஓடிய நினைப்பு இதுதான்: அவன் மனநோய்க்காரன், அவனைப் பார்க்க இவள் வருகிறாள்.

வாசலில் ஒரு நர்ஸ் வந்து நின்று பெயர் கூப்பிட்டாள். "தமிழ்ச்செல்வி. கணவர் பேரு வெள்ளைத்துரை."

தன் பெயரை அந்த வராந்தாவில் அவ்வளவு சத்தமாகக் கேட்டதும் அவர் தூணை விட்டு வெளியே வந்துவிட்டார். எழுந்து திரும்பிய செல்வி அவரைப் பார்த்தாள். பயப்படவில்லை. சோர்ந்துபோன மாதிரி ஒரு பார்வை. திரும்பி உள்ளே போனாள்.

நீலச் சட்டைக்காரன் நகர்ந்து உட்கார்ந்தான். "உக்காருங்கண்ணே. நீங்கதான மஸ்கட் அண்ணன்?"

அவர் உட்காரவில்லை. "என்னைய எப்பிடித் தெரியும்?"

"அக்கா சொல்லிருக்காக."

"என்ன சொல்லிருக்கா?"

"அத அவுகட்டயே கேளுங்கண்ணே. இங்க பேசுறத நாங்க வெளிய கொண்டு போறதில்ல."

"நீ எதுக்கு என் பொண்டாட்டிக்குப் போன் பண்ற?"

பீமாராவ் கோபப்படவில்லை. கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை என்றான். தானும் இங்கே வைத்தியம் பார்க்கிற ஆள்தான் என்றான். "இந்தப் பெஞ்சுல உக்காந்து உக்காந்து பழக்கமானவுக நாங்க. யாராச்சும் வரலேன்னா மத்தவுக கூப்புட்டுப் பாப்போம். நான் வரலேன்னா அக்கா கூப்புடும். முன்ன ஒரு ஆளு வந்துக்கிட்டு இருந்தாரு. ஒரு வாரம் வரல. வேல இருக்கும்னு விட்டுட்டோம். அதுலருந்துதான் கூப்புடுறது." அந்த ஆள் என்ன ஆனார் என்று அவன் சொல்லவில்லை. வெள்ளைத்துரையும் கேட்கவில்லை.

செல்வி வெளியே வந்ததும் இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். அங்கே நிழல் இல்லை. செல்வி பையிலிருந்து மாத்திரைக் கவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "பாத்துக்கங்க. இதுக்குத்தான் வாரேன். மீனா பன்னெண்டாப்பு படிக்கும்போதுலருந்து வாரேன்."

"என்ன வியாதி?"

"இன்னதுன்னு சொல்லத் தெரியல. அப்ப எந்திரிக்கவே பிடிக்காது. குளிக்க மாட்டேன், தல சீவ மாட்டேன். புள்ளதான் சோறாக்கி வச்சுட்டுப் பள்ளிக்கூடம் போகும். ஒருநா ஆத்துப் பாலத்துல போயி நின்னுட்டிருந்தேன். மலையம்மாதான் பாத்துட்டு வீட்டுக்குக் கூட்டியாந்துச்சு. மறுநா இங்க கூட்டிட்டு வந்ததும் அதுதான்." மாத்திரைக் கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "ஆத்துல அப்பத் தண்ணிகூட இல்ல" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன்."

"எப்ப?"

"போன்ல. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, யாருமே இல்லாத மாதிரி இருக்குன்னேன். யாரு வேணும் ஒனக்குன்னு கேட்டீக."

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறிக்கொண்டாள்.

அவருக்கு அப்படிக் கேட்டது நினைவில் இல்லை. ஆனால் கேட்டிருக்க மாட்டோம் என்றும் சொல்ல முடியவில்லை. மஸ்கட்டிலிருந்து தினமும் சாயங்காலம் போன் போடுவார். லைன் பிஸியாக இருந்தால் அடுத்த முறை எடுத்ததும், "யார்ட்ட பேசிட்டிருந்த?" என்றுதான் ஆரம்பிப்பார். பின்னால் ஆண்குரல் கேட்டால் யார் அது என்பார். கொத்தனார் என்றால், இந்நேரத்துக்குக் கொத்தனாருக்கு என்ன வேலை என்பார். அந்த நாட்களில் அவள் யாரோடும் போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது இவருக்கு இப்போதுதான் தோன்றியது. லைன் பிஸியாக இருந்துவிடக் கூடாதே என்பதற்காகவே பேசாமல் இருந்திருக்கிறாள்.

இதோடு அவர் மாறிவிட்டார் என்றால் கதை சுலபமாக முடிந்திருக்கும். அவர் மாறவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மலையம்மாளிடம் போய், "பாலத்துல நின்னது நெசமா?" என்று கேட்டார்.

"நெசந்தாண்ணே. காலுல செருப்பில்ல. வெயிலு அந்தச் சூடு சுடுது, ஒறைக்கவே இல்ல அக்காவுக்கு."

வீட்டுக்குத் திரும்பும்போது, இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். ஆனாலும் நினைப்பு போகவில்லை. சாயங்காலம் செல்வியிடம், "அந்த மாத்திரையெல்லாம் நிறுத்திரு. ஊர்ல தெரிஞ்சா பைத்தியம்னு பேர் வச்சிருவாங்க" என்றார்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். "வேற என்ன வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். அத மட்டும் சொல்லாதீக." அவ்வளவு அழுத்தமாக அவள் அவரிடம் எதையும் மறுத்ததில்லை.

அதன்பின் வீட்டில் பேச்சு குறைந்தது. அவர் ஹாலில் நாற்காலியிலேயே இருந்தார். பகலில் கண்ணைச் செருகும். படுத்தால் தூக்கம் வராது. சவரம் செய்துகொள்வது நின்றது. மஸ்கட்டில் கூட இருந்தவர்கள் கூப்பிட்டால் போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். செல்வி இதையெல்லாம் கவனிக்கிறாள் என்று தெரிந்தது. அவள் தன்னைக் கண்காணிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க தூங்குறதில்ல" என்றாள் ஒருநாள். "கண்ண மூடிட்டுத்தான் கெடக்கீக. எனக்குத் தெரியும். நானும் அப்பிடித்தான் கெடந்தேன்."

"என்னையும் பைத்தியமாக்கப் பாக்குறியா? யாரு சொல்லிக்குடுத்தா, அந்த லேத்துக்காரனா?"

எதிர்வீட்டிலிருந்து மாவு கொண்டுவந்த மலையம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீ எதுக்கு எப்பப் பாத்தாலும் வந்து வந்து எட்டிப் பாக்குற? வேவு பாக்குறியா?" என்று அவளிடமும் பாய்ந்தார். அவள் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு அவள் வரவில்லை. மாவு தீர்ந்தால் செல்விதான் தெருவைத் தாண்டிப் போய் வாங்கி வந்தாள்.

அடுத்து வந்த புதன்கிழமை, பருப்புக் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, "மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க, எனக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு செல்வி கிளம்பினாள். அவர் தலையாட்டினார்.

முதல் விசில் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. அவருக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்து ஐந்தாறு அடி நடந்தால் அடுப்பு. எழ வேண்டும் என்று மூளை சொல்கிறது, உடம்பு அதைக் காதில் வாங்கவில்லை. விசில் வந்துகொண்டே இருந்தது. பிறகு விசில் நின்று தீய்ந்த வாடை வந்தது. புகை ஹாலுக்குள் வந்தபோதும் அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தீய்ந்த வாடை தெருவைத் தாண்டிப் போக, மலையம்மாள் பின்பக்கமாகச் சுற்றிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஹாலுக்கு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"தூங்கிட்டீகளாண்ணே?"

"இல்ல."

"கேக்கலயா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் எந்திரிக்கல?"

எப்போதும்போல் அவளைத் திருப்பிக் கேட்க ஏதாவது வாயில் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. "முடியல" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலையம்மாள் போகவில்லை. செல்வி வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். செல்வி வந்ததும் நடந்ததைச் சொன்னாள். செல்வி குக்கரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. "அடுத்த வாரம் எங்கூட வாரீகளா?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு ஆயிரம் சந்தேகம். மாத்திரை போட்டால் மறதி வருமோ, கை நடுங்குமோ, டாக்டரிடம் செல்வி முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லி வைத்திருப்பாளோ, கையெழுத்து எதுவும் வாங்குவார்களோ. புதன்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றார். செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வராந்தாவில் பீமாராவ் இரண்டு பேருக்கு இடம் போட்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று இவருக்குத் தோன்றியது. என்ன பேசுவது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினார். அவனும் ஆட்டினான்.

அவர் பெயரைக் கூப்பிட்டதும் செல்வியும் கூடவே எழுந்தாள். "நீ இங்கயே இரு" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே மகள் வயதில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது முகம் கழுவியது போல் இருந்தது. செல்வி பஸ் ஏறும்வரை பொறுத்திருந்தாள்.

"என்ன கேட்டாக?"

"தூக்கம் வருதான்னு கேட்டாக."

"என்ன சொன்னீக?"

"வருதுன்னேன்." கையிலிருந்த சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்தார். "அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லாம என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் வரலைன்னு சொல்லிட்டேன்."

ஜன்னல் ஓரத்தில் அவள், பக்கத்தில் அவர். வைகைப் பாலத்தைத் தாண்டும்போது அவராகவே பேச ஆரம்பித்தார். மஸ்கட்டில் அவர் கட்டிலுக்கு மேல்கட்டிலில் சுடலை என்று ஒரு பையன் இருந்தானாம். சங்கரன்கோவில் பக்கம் அவன் ஊர். நன்றாகப் பாடுவானாம். கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டானாம், பேச்சையும் நிறுத்திவிட்டானாம். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அறைக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்ததாம்.

செல்வி அவர் பக்கம் திரும்பினாள். "எப்ப நடந்துச்சு இது?"

"ரொம்ப வருசமாச்சு. அந்தக் கட்டில்ல அதுக்கப்புறம் யாரும் படுக்கல. அந்த ரூம்ல யாரும் யார்ட்டயும் பேசிக்கிறதும் இல்ல. வேலைக்குப் போவோம், வந்து படுப்போம். மேல காலியா கெடக்கும். நான் அதையே பாத்துக்கிட்டுக் கெடப்பேன்."

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா வந்துருங்கம்ப. வந்தா வீட்டு வேல நின்னுரும். அதான் போன எடுத்தா, யாரு வந்தா, யாரு போனான்னு கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். வேற என்ன பேசுறதுன்னு தெரியல."

இதை அவள் முழுவதும் நம்பினாளா என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டாள். பெரியார் நிலையத்தில் மாறி ஏறிய பஸ்ஸில், காளவாசலில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. கூடையோடு ஒரு அம்மா தடுமாறியபடி வர, வெள்ளைத்துரை எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோச்சடை வரை பேச முடியவில்லை. இறங்கி வீட்டை நோக்கி நடக்கும்போது, "அந்தப் பையனுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.